இடம் மாறிய துண்டும் ஒரு டேட்டாபேஸும்

குரோமோசோம் என்றதும், "அது பயாலஜி படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் நண்பர்களே, ஒரு நிமிஷம்! இது நம் டி.பி.எம்.எஸ். பாடத்துக்கும் சொந்தம்தான்.

மனித செல்லில் 46 குரோமோசோம்கள். இந்த எண்ணிக்கையே 1956-ல்தான் உறுதியானது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் எண்ணிச் சொன்னார்கள். (அதுவரை புத்தகங்களில் 48!)

1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடம் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமை நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டார்கள். ஊர்ப் பெயரே அதற்கும் பெயராயிற்று. ஏதோ துண்டு தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். 1973-ல் சிகாகோ டாக்டர் ஜேனட் ரௌலி, சாயமேற்றி வரிவரியாகத் தெரியும் குரோமோசோம் படங்களை வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கிப் பார்த்தார். தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது! 22-ன் துண்டு 9-ல். 9-ன் துண்டு 22-ல்.

அதனால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? 9-ல் இருந்த ஏ.பி.எல். என்ற ஜீன், 22-ல் உள்ள பி.சி.ஆர். ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. காண்டாக்டர் ஒட்டிக்கொண்ட மோட்டார் மாதிரி, ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் நிற்காது. செல் பெருகிக்கொண்டே போகும்.

ஆனால் ஒரு நோயாளியிடம் இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால், அது நோய்க்குக் காரணமா, தற்செயலா? ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. நூறு பேரை அருகருகே வைத்தால்தான் தெரியும். அந்த வேலையை அதே லுண்ட் நகரில் கையிலெடுத்தவர் ஃபெலிக்ஸ் மிட்டல்மேன். உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் படித்துச் சேர்த்து, 1983-ல் பட்டியலாக அச்சிட்டார். 2000-லிருந்து இன்டர்நெட்டில், இலவசமாக. இன்று 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் அதில் உள்ளன.

ஒரு நோயாளிக்கு ஒரு பதிவு: வயது, ஆணா பெண்ணா, எந்த உறுப்பு, என்ன நோய், எந்தக் கட்டுரை, குரோமோசோம் நிலை. பெயர் கிடையாது. குரோமோசோம் நிலையை எழுத உலகம் முழுக்க ஒரே குறியீடு. டி(9;22)(கியூ34;கியூ11) என்றால், 9-க்கும் 22-க்கும் இடமாற்றம்; இரண்டிலும் நீளக் கையில், 34, 11 என்ற இடங்களில் முறிவு. 'கியூ' நீளக் கை, 'பி' குட்டைக் கை. அவ்வளவுதாங்க! ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் எந்த 'கொயரி'யும் வேலை செய்யாது.

தேடிப் பார்த்தால் ஒரு விசேஷம் தெரியும். இதே 9;22 இன்னொரு வகை லுகேமியாவிலும் வருகிறது. 15-க்கும் 17-க்கும் இடமாற்றம் என்றால் அது புரோமைலோசைட்டிக் லுகேமியா. ரத்தக்கசிவால் சில நாட்களிலேயே உயிர் போகக்கூடிய நோய். ஆனால் உடனே கண்டுகொண்டால், வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்தும் ஆர்சனிக்கும் (ஆமாம், பாஷாணமேதான்!) பெரும்பாலோரைக் குணப்படுத்துகின்றன. 9;22-க்கு 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. ஒட்டிக்கொண்ட காண்டாக்டரை நேராகப் போய்ப் பிடிக்கும் மருந்து. ஆக, எந்தத் துண்டு எங்கே போனது என்பதை வைத்தே மருந்தை முடிவு செய்கிறார்கள்.

குறையும் உண்டு. ரத்தம் எடுப்பது சுலபம். கட்டியிலிருந்து நல்ல குரோமோசோம் படம் எடுப்பது கஷ்டம். அதனால் ரத்தப் புற்றுநோய்ப் பதிவுகளே குவிந்தன. கட்டிகளில் இப்படி ஜீன்கள் ஒட்டுவது அபூர்வம் என்றுகூடப் பலர் நம்பினார்கள். 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு, மைக்ராஸ்கோப்பை நம்பாமல், ஜீன் அளவுகளைக் கம்ப்யூட்டரில் அலசியது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயில் அகப்பட்டது அந்த ஒட்டு! இரண்டு ஜீன்களுமே 21-ம் குரோமோசோமில், மிக அருகருகே இருப்பவை. லென்ஸ் வழியே பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரியவே இல்லை.