அடுக்களைக்கு வந்த நூலகம்

ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவிற்கு அணித்தாக, பழைய ஓட்டு வீடு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு அதன் முன்கூடம் திறக்கப்படும். நான்கு மர அலமாரிகள், ஒரு நீண்ட மேசை, ஆறு நாற்காலிகள். அலமாரிகள் நிறையத் தமிழ் நூல்கள். கிழக்கு ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டிகளின் ஓசை அவ்வப்போது காதில் விழும். பள்ளி நூலகம் ஒன்றில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் அங்கே நூலகராக அமர்ந்திருக்கிறார். தம் பெயரை அச்சில் ஏற்ற வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால், நூலகர் அம்மையார் என்றே இங்குக் குறிப்பிடுகிறோம்.

அவரிடம் நூல் எடுத்துச் செல்வோருக்கு அதனுள் ஓர் அட்டையும் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில், அடுத்துப் படிக்கத்தக்க நூல் எது, ஏன் என்று நான்கு வரிகள். மறுபக்கத்தில் ஒரு சமையற் குறிப்பு. முதன்முறை அதைக் கண்டபோது, அம்மையார் தம் வீட்டுக் குறிப்பை மறதியாக நூலுக்குள் விட்டுவிட்டார் என்றெண்ணித் திருப்பிக் கொடுத்தோம். “மறதி இல்லை தம்பி; அதுவும் உங்களுக்குத்தான்” என்று சிரித்தார். அச்சிரிப்பின் பொருள் நமக்கு விளங்க ஓராண்டு ஆயிற்று.

விளங்கிய விதத்தை வாசக அன்பர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்வதில் நமக்குச் சற்று வெட்கமும் உண்டு.

நம் தாயார் திருப்பத்தூரில் வாழ்ந்தவர். கைபேசி வந்த பின்னரும், முக்கியமான செய்தியென்றால் கடிதம் எழுதுவதே அவர் வழக்கம். சமையற் குறிப்பு அவருக்கு முக்கியமான செய்தி. நாம் ரயில்வேயில் எழுத்தர் பணி ஏற்றுப் பெங்களூரில் குடியேறிய நாள் முதல், அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அடுத்த மார்கழியில் ஒரு நாள், பதினொரு வயதான நம் மகள், “பாட்டி வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு வேண்டும்” என்றாள். இல்லாள் அப்போது பிறந்தகம் சென்றிருந்தார். நாம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, குழந்தை தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கடிதத்தை மடியில் விரித்தபடி அமர்ந்திருந்தாள். “அப்பா, இதில் பாட்டி என்ன எழுதியிருக்கிறார்கள்?” என்று கேட்டாள்.

தமிழை நன்றாகப் பேசுபவள். பாட்டியோடு மணிக்கணக்கில் பேசியவள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் எழுதப் படிக்கக் கற்றவள். தமிழ் எழுத்தைக் கற்பிக்க நமக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ‘அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்வோம்’ என்று ஆறு விடுமுறைகளைக் கழித்துவிட்டோம். பாட்டியின் கையெழுத்தைப் பேத்தியால் படிக்க இயலவில்லை. பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதுவே நிலையென்று அறிவோம். ஆயினும் நம் வீட்டில் காணும்போது அதன் வலி வேறு.

மறு ஞாயிறு நூலகர் அம்மையாரிடம் சென்று, ‘அரிச்சுவடி ஒன்று தாருங்கள்’ என்று கேட்டோம். அவர் அரிச்சுவடியோடு, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ என்னும் நூலையும் எடுத்து வைத்தார்.

அந்நூலின் வரலாறு நம் போன்றோருக்குப் பெரிதும் பொருந்துவது. மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பை ஏற்றவர். கைமணம் மிக்கவர். வெளியூர்களில் குடியேறிய உறவினர்கள் அதை எப்படிச் செய்வது, இதை எப்படிச் செய்வது என்று அவரிடம் கடித வாயிலாகக் கேட்ட வண்ணம் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட நூலாகவே எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தூண்டினார். 1951இல் முதற் பாகம் வெளிவந்தது. பின்னர் மேலும் இரு பாகங்கள் தொடர்ந்தன. மணமாகி அயலூருக்கும் அயல்நாட்டிற்கும் சென்ற பெண்கள் பலருடைய பெட்டியில் அந்நூல் இடம்பெற்றது. 1962இல் ஆசிரியை மறைந்தார். நூல் இன்றும் அச்சில் உள்ளது. ஊரை விட்டு வந்தோர் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த நூல் அது என்பதை நாம் மறக்கலாகாது.

“குழந்தை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் அது சொல்வதை மட்டும் செய்யுங்கள். அது படிக்காவிட்டால் அடுப்பில் ஒன்றும் நடக்கக் கூடாது” என்றார் அம்மையார்.

இம்முறையின் நுட்பம் பின்னரே புலப்பட்டது. சமையற் குறிப்பில் வாக்கியங்கள் சிறியவை. வறு, இடி, அரை, கரை, தாளி, இறக்கு என்று ஒரே சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சொற்கள் யாவும் குழந்தை காதால் அறிந்தவை, கண்ணுக்குத்தான் புதியவை. தவறாகப் படித்தால் நாக்கே திருத்திவிடும். முதல் மாதத்தில் நம் மகள் தன் ஏட்டில், ‘மிளகாயை நன்றாக அறைக்கவும்’ என்று எழுதினாள். “மிளகாய் உனக்கு என்ன தீங்கு செய்தது, கண்ணே? எதற்காக அதை அறைகிறாய்?” என்று அம்மையார் கேட்டார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் சின்ன ரகரத்திற்கும் பெரிய றகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை அது மறக்கவில்லை.

பழைய அளவைகளும் பாடமாயின. பாட்டி ஆழாக்கு என்றும் பலம் என்றும் எழுதியிருந்தார். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. படியோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. பலம் என்பது சுமார் 35 கிராம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் அடுக்களை மட்டும் ஆழாக்கை விடவில்லை என்று மகளுக்குச் சொன்னோம். கணக்குப் பாடமும் அதனோடு நடந்தேறியது.

உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் அம்மையாரிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். “சங்க இலக்கியம் பிறந்த மொழிக்குக் குழம்புக் குறிப்பா அடையாளம்?” என்பது அவர் கேள்வி. அம்மையார் சினம் கொள்ளவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

கணித ஆசிரியராயிருந்த அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்பாட்டிற்கே உரியவை என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றிற்கும் ஏற்ற வாசகர் உண்டு என்பவை அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் உயிர்ப்பொருளைப்போல வளர்வது என்பது ஐந்தாவது. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுசென்றனர். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், அவருடைய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பிற்காலத்தில் அவர் பெங்களூர்வாசியானார். 1962இல் இந்நகரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் இங்கேயே மறைந்தார். உலகம் போற்றிய அந்நூலகரும் நம்மைப்போல் இவ்வூருக்குக் குடிபெயர்ந்தவரே என்பதில் நமக்கு ஒரு பெருமிதம்.

“அன்று வண்டி வாசகரின் ஊருக்குப் போயிற்று. இன்று நான் அடுக்களைக்குப் போகிறேன், அவ்வளவுதான்” என்று முடித்தார் அம்மையார். “தூயி தசம வகைப்பாட்டில் சமையலுக்கு 641.5, தமிழ் இலக்கியத்திற்கு 894.811. அலமாரியில் இரண்டும் தொலைவில் நிற்கும். வீட்டில் இரண்டிற்கும் இடையே ஒரு வாசற்படிதான்.” வினவியவர் அன்று மாலை எடுத்துச் சென்ற நூலிலும் அட்டை இருந்தது; அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

சமையற் குறிப்போடு நின்றுவிடுவதில் அம்மையாருக்கு உடன்பாடில்லை. அது வாயில் மட்டுமே, உள்ளே செல்லவேண்டும். அதனால்தான் அட்டைக்கு இரண்டு பக்கங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் அட்டை உண்டு; அவர்களும் அடுப்பருகே நின்று படிக்கவேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். அவருடைய அட்டைகளிலிருந்து இரண்டை இங்கே தருகிறோம்.

முதல் அட்டை, பருப்புப் பொடி. துவரம் பருப்பு 200 கிராம், மிளகாய் வற்றல் 6, மிளகு ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிறு துண்டு, உப்பு வேண்டிய அளவு. பருப்பை எண்ணெய் விடாமல் சிறு தீயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மிளகாயையும் மிளகையும் தனியே வறுத்து, பெருங்காயத்தைச் சிறிது எண்ணெயில் பொரித்துக்கொள்க. யாவும் நன்கு ஆறிய பின் உப்புச் சேர்த்துச் சற்றுக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். சுடு சோறும் நல்லெண்ணெயும் இருந்தால் வேறு குழம்பு வேண்டுவதில்லை. இரவுப் பணி முடித்து வரும் நம் போன்ற ரயில்வேக்காரருக்கு இது பெருந்துணை. மறுபக்கத்தில் அவர் பரிந்துரைத்த நூல், அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1931இல் செகந்தராபாத்தில், ரயில்வே ஊழியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் அசோகமித்திரன். அயல் நகரில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், 1948ஐ ஒட்டிய கொந்தளிப்பைக் காணும் கதை அது. நமக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

இரண்டாம் அட்டை, பிதுக்குப் பருப்புக் குழம்பு. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் அவரைக்காய் குவிகிறது. கன்னட அன்பர்கள் அதன் பருப்பை ‘இதக்கிதபேளே’ என்பர். தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்தார் பிதுக்குப் பருப்பு என்பர். பெயர் இரண்டு; செய்தி ஒன்றே. உரித்த பச்சைக் கொட்டை கால் கிலோவை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கவும். வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து செய்யவேண்டிய பணி இது. தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, தனியா 2 தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 5, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு 4 பல், பட்டை சிறிது, கிராம்பு 2 ஆகியவற்றை விழுதாக அரைத்துக்கொள்க. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் 2, தக்காளி 2 வதக்கி, பருப்பும் மஞ்சளும் நீரும் சேர்த்து மென்மையாக வேகவிடுக. பின் விழுதும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிட்டு, கொத்தமல்லித் தழை தூவி இறக்குக. கேழ்வரகுக் களிக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை.

அதன் மறுபக்கத்தில் இரு நூல்கள். ஒன்று, சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோரம் பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. குடகில் பிறந்து கருநாடகத்திலும் தமிழகத்திலும் நடக்கும் ஆற்றைப் பற்றிய அந்நூல், இரு மாநிலங்களுக்கும் உறவானவராகிய நாம் படிக்கத்தக்கது. மற்றொன்று, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. தெலுங்கு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து தமிழ் மண்ணில் வேரூன்றிய மக்களின் கதை. பெயர்ந்து வாழ்வோர் நாம் மட்டுமல்லேம் என்று அது நினைவூட்டும். கோலார் மாவட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்றதையும் அம்மையார் அடிக்கடி எடுத்துக் கூறுவார். வாழும் மண்ணின் மொழியைக் கற்றுப் போற்றுவது கடமை. அதற்காக வீட்டு மொழியின் எழுத்தை இழக்கவேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை.

நூலகம் அருகில் இல்லாத அன்பர்களும் மனந்தளர வேண்டாம். அல்சூர் ஏரியருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கணினியோ கைபேசியோ உள்ளவர்கள் மதுரைத் திட்டத்தின் வழியாகவும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தின் வழியாகவும் பழைய நூல்களை விலையின்றிப் படிக்கலாம். எனினும், உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள கடிதங்கள் வேறெந்த நூலகத்திலும் கிடைக்கமாட்டா.

இவ்வாண்டு தை மாதத்தில், சந்தையில் வாங்கிய அவரைக்காயோடும் பாட்டியின் கடிதத்தோடும் நம் மகள் அடுக்களையில் நின்றாள். அவள் படித்தாள், நாமும் இல்லாளும் செய்தோம். எழுத்துக் கூட்டி, இரண்டு இடங்களில் தடுமாறி, கடைசி வரி வரை வந்தாள். அங்கே சற்று நின்றாள். பிறகு மெதுவாகப் படித்தாள். விழுது சேர்க்கும் முன் பேத்திக்கென்று ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைத்து, அதற்குக் காரம் குறைத்துக் கொடுக்கும்படி பாட்டி எழுதியிருந்தார்.

“இது என்னைப் பற்றி” என்றாள் குழந்தை.

அன்று அவள் தனிக் கிண்ணம் வேண்டாமென்று எங்களோடு அதே காரத்தில் உண்டாள். கண்களில் நீர் வந்தது. மிளகாயினால் என்று சொல்லிக்கொண்டோம். கடிதம் இப்போது தகரப் பெட்டியில் இல்லை. அவளுடைய மேசை மேல் இருக்கிறது.