இடம் மாறிய கோப்புறையும் எழாத கணினியும்

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்புறை தவறுதலாக வேறிடத்திற்கு நகர்த்தப்பட்டு, அதன்பின் கணினி எழ மறுக்கும்போது, பலரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தை மறுபடி நிறுவ முற்படுகின்றனர். பெரும்பாலும் இது வீண் வேலை. ஒரே வட்டுப் பிரிவுக்குள் நகர்த்தும்போது தரவு அசைவதில்லை, கோப்பு எங்குள்ளது என்னும் பதிவு மட்டுமே மாறுகிறது.

மலேசியாவின் மாசாயில் பழைய மடிக்கணினியில் உபுண்டுவை நிறுவியிருப்பவருக்கும், சென்னையில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துபவருக்கும் தீர்வு ஏறத்தாழ ஒன்றே, ஏனெனில் இரண்டும் டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் வழிவந்தவை.

மிகக் கடுமையான பிழை, 'லிப்' என்னும் கோப்புறையை நகர்த்துவதாகும். நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகளும், அவற்றை நினைவகத்தில் இணைத்துத் தரும் ஏற்றி நிரலும் அதிலேயே இருப்பதால், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்', நகர்த்தும் 'எம்வி' ஆகிய சிறு கட்டளைகள்கூட அக்கணமே செயலிழந்துவிடும். நிர்வாகி உரிமையுடன் திறந்த முனையச் சாளரம் இன்னும் மூடப்படவில்லையெனில் கணினியை அணைக்காதிருப்பதே அறிவுடைமை. புதிய இடத்திலுள்ள ஏற்றியின் முழுப் பாதையையும் நூலகங்களின் பாதையையும் குறிப்பிட்டு, அதன் வழியாகவே 'எம்வி'யை இயக்கிக் கோப்புறையைத் திருப்பிவிடலாம்.

அணைத்துவிட்டாலும் வழியுண்டு. கணினி எழும்போது கிரப் என்னும் தொடக்க நிரல், கெர்னல் எனப்படும் கருவையும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. பின்னது தனக்கு வேண்டிய கருவிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், வட்டிலுள்ள முதல் நிரலைக் காணாதபோது பிஸிபாக்ஸ் என்னும் கட்டளைத் திரையில் நின்றுவிடுகிறது. கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சுவோர் பலர், ஆனால் உதவி கிடைப்பது அங்கேதான்: பொதுவாக 'ரூட்' என்னும் பெயரில் இணைந்திருக்கும் வட்டை எழுதும் உரிமையுடன் மறுபடி இணைத்து, கோப்புறையைப் பழைய இடத்திற்கு நகர்த்தி, கணினியை மறுபடி தொடங்கினால் போதும்.

இத்திரையும் தோன்றாவிடில், பென்டிரைவிலிருந்து, நிறுவாமலேயே இயங்கும் உபுண்டுவின் நேரடி வடிவத்தை இயக்கி, வட்டைத் திறந்து அதே நகர்த்தலைச் செய்யலாம். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் முதலில் அதன் கடவுச்சொல் வேண்டும். கோப்பு நகர்த்தப்படாமல் நீக்கப்பட்டிருந்தால் மட்டும், அதே நேரடி வடிவத்திலிருந்து அக்கோப்புக்குரிய மென்பொருள் தொகுப்பை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.