மாம்பழத்தில் புகுந்த ஈ: புதியதா, பழையதா?

மாம்பழத்தை அறுக்க உட்காருகிறீர்கள். வெளியே பார்த்தால் தங்க நிறம். கமகமவென்று மணம். குழந்தைகள் தட்டை நீட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தியை இறக்கியதும் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது!

"ஐயையோ, புழு!" என்று பழத்தைத் தூக்கி எறிகிறீர்கள்.

அந்தப் புழு பழத்துக்குள் தானாக முளைத்ததல்ல. காய் மரத்தில் தொங்கும்போதே ஒரு ஈ வந்து, தோலில் ஊசி போலக் குத்தி, உள்ளே முட்டை இட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த ஈக்குப் பழ ஈ என்று பெயர்.

அப்படிப்பட்ட ஒரு பழ ஈயின் கதைதான் இது. அது ஆப்பிரிக்காவில் பிடிபட்டது. "இது புது ஈ. இதுவரை யாரும் பெயர் வைக்காத ஈ" என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். லத்தீன் மொழியில் ஒரு பெயரும் சூட்டினார்கள். 10 ஆண்டுகள்கூட ஆகவில்லை. "இல்லை, இல்லை. இது பழைய ஈதான்" என்று வேறு விஞ்ஞானிகள் கூடி, அந்தப் பெயரையே தள்ளிவிட்டார்கள்!

ஈக்கு எந்தப் பெயர் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? அந்தப் பெயரில்தான் ஆயிரக்கணக்கான ஏழை விவசாயிகளின் பிழைப்பு அடங்கி இருந்தது.

பழ ஈ எது?

அழுகிய வாழைப்பழத்தின் மேல் பொடிப்பொடியாகப் பறக்குமே, அந்த ஈ அல்ல இது. அது அழுகிய பழத்தைத் தேடி வருவது. இது நல்ல பழத்தைக் கெடுப்பது.

பழ ஈ, வீட்டு ஈ அளவுக்கு இருக்கும். ஆனால் பார்வைக்குக் குளவியின் சாயல். முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள். வயிற்றின் மேல் 'T' என்ற ஆங்கில எழுத்தைப் போலக் கறுப்புக் குறி. கண்ணாடி போன்ற சிறகு. பெண் ஈயின் வால் பக்கம் கூர்மையாக நீண்டிருக்கும். முட்டை இடும் ஊசி அதுதான்.

ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழு வெளிவரும். புழு பழத்தின் சதையைத் தின்னும். பழம் அழுகிக் கீழே விழும். கொழுத்த புழு பழத்தை விட்டு வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாக மாறும். பிறகு ஈயாக மேலே வரும். மீண்டும் மரத்துக்குப் போகும். மா, கொய்யா, பப்பாளி என்று நூற்றுக்கும் மேற்பட்ட பழங்களில் அது கைவைக்கும்.

கென்யாவில் வந்த விருந்தாளி

2003-ம் ஆண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாடு. அதன் கடற்கரைப் பகுதியில் வைத்திருந்த பொறிகளில் புதுமையான ஈக்கள் விழுந்தன. கென்யாவின் தலைநகரான நைரோபியில் பன்னாட்டுப் பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள நிபுணர்கள் அந்த ஈக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் சொந்த ஈ அல்ல அது. ஆசியாவின் சாயல் தெரிந்தது.

கப்பலில் வந்ததோ, யாருடைய பழக்கூடையில் வந்ததோ! வந்த விருந்தாளி சும்மா இருக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் டான்சானியா, உகாண்டா என்று பரவியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெனின் நாட்டிலும் தலை காட்டியது. போன இடமெல்லாம் மாந்தோப்புகள் பாழாயின.

"இது என்ன ஈ?" என்ற கேள்வி எழுந்தது. எதிரி யார் என்று தெரிந்தால்தானே சண்டை போட முடியும்?

பெயர் சூட்டுவது எப்படி?

ஓர் உயிருக்குப் புதுப் பெயர் சூட்டுவது சுலபமான காரியம் அல்ல. போலீசார் அங்க அடையாளம் எழுதுவதைப்போல, தலை முதல் வால் வரை எழுத வேண்டும். சிறகில் கோடு எவ்வளவு அகலம்? காலில் எந்த இடத்தில் கறுப்பு? முட்டை இடும் ஊசியின் நீளம் என்ன? ஏற்கெனவே பெயர் உள்ள ஈக்களோடு ஒப்பிட்டு, எந்த வகையில் வேறு என்று காட்ட வேண்டும். ஓர் ஈயைத் தேர்ந்தெடுத்து, "இந்தப் பெயருக்கு இதுதான் சாட்சி" என்று ஊசியில் குத்தி, காட்சிசாலையில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அச்சில் வெளியிட வேண்டும். அப்போதுதான் பெயர் செல்லும்.

ட்ரூ, சுருதா, வைட் என்ற மூன்று நிபுணர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. அதே சாயல் உள்ள ஈக்கள் இலங்கையிலும் கிடைத்திருந்தன! ஆப்பிரிக்க ஈயையும் இலங்கை ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

ஆசியா முழுவதும் "டார்சாலிஸ்" என்ற பழ ஈ உண்டு. 1912-ம் ஆண்டில், தைவான் தீவில் கிடைத்த ஈக்களைப் பார்த்து, ஆஸ்திரியா நாட்டுக்காரரான ஹெண்டல் வைத்த பெயர் அது. கென்யாவின் ஈ அதைப் போலத்தான் இருந்தது. ஆனாலும் முதுகின் நிறம் ஒத்துவரவில்லை. டார்சாலிசுக்கு முதுகு கறுப்பு. இதில் சில ஈக்களுக்குச் செம்பழுப்பு, சிலவற்றுக்குக் கறுப்பு, சிலவற்றுக்கு இரண்டும் கலந்த நிறம்.

ஆகவே "இது தனி ஈ" என்று முடிவு கட்டினார்கள். 2005-ம் ஆண்டில் "பாக்ட்ரோசீரா இன்வேடன்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். இன்வேடன்ஸ் என்றால் படையெடுத்து வருவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

பெயரால் வந்த வினை

பெயர் வந்தது. கூடவே கஷ்டமும் வந்தது.

எங்கள் நாட்டில் இல்லாத பூச்சி உங்கள் பழத்தோடு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாடும் பயப்படும். அதிலும் புதுப் பூச்சி என்றால் பயம் இரட்டிப்பு. அதை எவ்வளவு சூட்டில் கொல்லலாம், எத்தனை நாள் குளிரில் வைத்தால் சாகும் என்பதெல்லாம் அந்தப் பெயரில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். புதுப் பெயருக்கு அந்தக் கணக்கு ஏது? கென்யாவின் வெண்ணெய்ப் பழத்துக்குத் தென்னாப்பிரிக்கா கதவைச் சாத்தியது. ஆப்பிரிக்க மாம்பழங்களுக்கு வேறு பல இடங்களிலும் அதே கதி.

கென்யாவில் மாமரம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஈ தின்றது பாதி. ஈயின் பெயர் தின்றது மீதி!

ஆப்பிரிக்காவுக்கு மட்டுமா இந்தத் தொல்லை? 1994-ம் ஆண்டில் ட்ரூ, ஹான்காக் என்ற இருவர், டார்சாலிஸ் கூட்டத்திலிருந்து ஒரே மூச்சில் 40 புது ஈக்களைப் பிரித்துக் காட்டிப் பெயர் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று "பப்பாயே". அடுத்த ஆண்டே அந்த ஈ ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் நகரத்தின் அருகே பிடிபட்டது. அதை ஒழித்துக் கட்ட 1999 வரை பாடுபட்டார்கள். 3 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு!

இரட்டைக் குழந்தைகளை ஒருவர் என்று நினைத்தாலும் ஆபத்து. ஒருவரை இருவர் என்று நினைத்தாலும் ஆபத்து. இதில் எது உண்மை?

கூண்டுக்குள் விசாரணை

ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும், சர்வதேச அணுசக்தி நிறுவனமும் சேர்ந்து ஒரு விசாரணை தொடங்கின. பழ ஈயை ஒழிக்க ஒரு வழி, கதிர் வீச்சால் ஆண் ஈக்களை மலடாக்கிப் பறக்கவிடுவது. அந்த மலட்டு ஆண் ஈ, தோப்பில் உள்ள பெண் ஈயோடு சேர்ந்தால்தான் பயன். வேறு இன ஈ என்றால் சேருமா? அதனால்தான் அணுசக்தி நிறுவனத்துக்கு இதில் அக்கறை.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஈக்களையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். எப்படி?

வலை போட்ட பெரிய கூண்டு. உள்ளே ஒரு செடி. அதில் இந்த ஊர் ஈ, அந்த ஊர் ஈ என்று ஆணும் பெண்ணுமாகக் கலந்து விட்டார்கள். இந்த ஈக்கள் அந்தி மயங்கும் நேரத்தில்தான் ஜோடி சேரும். அந்த நேரத்தில் காத்திருந்து, எது எதோடு சேருகிறது என்று கணக்கெடுத்தார்கள். கென்யா ஈ, ஆசிய ஈ என்ற வேற்றுமை பாராட்டாமல் அவை சேர்ந்தன! குஞ்சுகளும் ஆரோக்கியமாகப் பிறந்தன. அந்தக் குஞ்சுகளுக்கும் சந்ததி உண்டாயிற்று.

மரபணுவைச் சோதித்தார்கள். தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. சாட்சிக்கு வாசனையையும் கூப்பிட்டார்கள்.

கைக்குட்டை தந்த துப்பு

வாசனைக் கதை நம் நாட்டில் தொடங்கியது. 100 ஆண்டுகளுக்கு முன்பு பீகாரில் பூசா என்ற ஊரில் ஹவ்லட் என்ற வெள்ளைக்காரப் பூச்சி நிபுணர் வேலை பார்த்தார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கொசுத் தொல்லைக்காகச் சிட்ரோனெல்லா எண்ணெயைக் கைக்குட்டையில் தடவினார். கொசு போயிற்று, ஈ வந்து மொய்த்தது! ஹவ்லட் பார்த்தார். வந்தவை எல்லாம் பழ ஈக்கள். அத்தனையும் ஆண்கள்!

1912-ல் இதைப் பற்றி எழுதினார். மேலும் ஆராய்ந்து, மெத்தில் யூஜினால் என்ற பொருள் பழ ஈக்களை இழுக்கிறது என்று 1915-ல் வெளியிட்டார். நம் வீட்டுத் துளசியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில், இந்த வாசனையோடு விஷமும் ஏற்றிய அட்டைகளைப் போட்டு, 1960-களில் இந்த ஈயைப் பூண்டோடு ஒழித்தார்கள்.

ஆண் ஈ அந்தப் பொருளை உண்டு, தன் உடம்பில் வேறு வாசனையாக மாற்றி, அதைக் கொண்டு பெண் ஈயைக் கவர்கிறது. கென்யா ஈயும் ஆசிய ஈயும் ஒரே வாசனையைத்தான் உண்டாக்கின.

தீர்ப்பு

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தீர்ப்பு வந்தது. 20 நாடுகளைச் சேர்ந்த சுமார் 50 விஞ்ஞானிகள் சேர்ந்து சொன்னார்கள்: ஆப்பிரிக்காவின் இன்வேடன்ஸ், மலேயாப் பக்கத்துப் பப்பாயே, பிலிப்பைன்ஸ் நாட்டின் பிலிப்பினென்சிஸ் ஆகிய மூன்றும் பழைய டார்சாலிஸ்தான்!

முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்பது விஞ்ஞான விதி. ஆகவே 1912-ல் ஹெண்டல் வைத்த பெயர் ஜெயித்தது. "காரம்போலே" என்ற இன்னொரு ஈயையும் சோதித்தார்கள். அது தனி என்றே தெரிந்தது. அதன் பெயர் தப்பியது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. பெயர் வைத்த ட்ரூ, 2016-ல் வெளிவந்த தமது நூலில், அவை தனித்தனி ஈக்களே என்று மீண்டும் எழுதினார். எதிர்த் தரப்பார் 2017-ல் பதில் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலோர் ஒரே ஈ என்றே கொள்கிறார்கள்.

விவசாயிக்கு என்ன லாபம்?

டார்சாலிஸ் என்று தெரிந்ததும், உலகம் அதைப் பற்றிப் பல காலமாகச் சேர்த்து வைத்த அறிவெல்லாம் ஆப்பிரிக்க விவசாயிக்குச் சொந்தமாயிற்று. எவ்வளவு சூட்டில் சாகும், எந்த மலட்டு ஈயை விடலாம் என்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நைரோபி நிபுணர்கள் தீர்ப்பு வரும்வரை கைகட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. டார்சாலிஸ் ஹவாய்த் தீவுகளில் புகுந்து அழிவு செய்தபோது, அதை அடக்கியது ஒரு சின்னஞ்சிறு குளவி. பழத்துக்குள் இருக்கும் ஈயின் முட்டையைத் தேடி, அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். ஈ வளர வேண்டிய இடத்தில் குளவி வளரும்! அந்தக் குளவியை 2006-ல் ஹவாயிலிருந்து கென்யாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது புது ஊர் என்று பாராமல் வேலையைத் தொடங்கியது. விஞ்ஞானிகள் 2014-ல் சொன்னதைக் குளவி முன்கூட்டியே தெரிந்துகொண்டதோ, என்னவோ!

நம் தோப்புகளிலும் இருப்பது இதே டார்சாலிஸ்தான். கீழே விழுந்த பழத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குப் போகாமல் செத்துவிடும். மெத்தில் யூஜினால் பொறிகளையும் தோப்பில் தொங்கவிடலாம்.

அடுத்த முறை மாம்பழத்தில் புழுவைப் பார்த்தால் முகம் சுளிப்பீர்கள். சுளிக்கத்தான் வேண்டும். ஆனால் அது யார் என்று கண்டுபிடிக்க 20 நாட்டார் பட்ட பாட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர் தெரிந்தால்தான் மருந்து கிடைக்கும். ஈக்கும் அப்படித்தான்!