பொட்டலத்தில் இருப்பது வாசல் செம்பருத்தி அல்ல

கடையில் விற்கும் 'செம்பருத்தி டீ' பொட்டலத்தைப் பிரித்தால், கருஞ்சிவப்பில் தோல்போலத் தடித்த துண்டுகள் கிடக்கும். ஒன்றை வாயில் போடுங்கள், சுரீரென்று புளிக்கும். வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியை எத்தனை மென்றாலும் அந்தப் புளிப்பு வராது. வழவழப்புதான் நாக்கில் ஒட்டும்.

காரணம், அது வேறு செடி. புளிச்சக்கீரை வகை, ஆந்திரத்துக்காரர்களின் கோங்குராவுக்கு உறவு. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு பருக்கும் புல்லிவட்டத்தை உரித்துக் காயவைக்கிறார்கள். எகிப்திலும் சூடானிலும் அதைக் கொதிக்கவைத்தால் கர்கதே, செனகலில் பிசாப். ஜமைக்காவில் இஞ்சி தட்டிப்போட்டு கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சும் சோரலும் அதுவே.

இரண்டும் ஒரே பேரினம்தானே, குழப்பினால் என்ன? ஒன்றின் புகழை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுகிறோம், அதுதான் வம்பு. செம்பருத்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதற்குப் பலரும் காட்டும் அமெரிக்க ஆய்வு 2010-ல் வெளியானது. அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 6 வாரம் தினம் 3 கோப்பை கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 மட்டுமே. குடித்ததோ புளிச்சைப் புல்லிவட்ட டீ. வாசல் பூ அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

அதற்காக வாசல் பூவை ஒதுக்க வேண்டாம். சித்த மருத்துவர்கள் கேட்பது ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவை. காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, ஐந்தாறு இதழ்களை வெந்நீரில் போட்டால் நீர் ஊதாவாக மங்கும். எலுமிச்சை பிழிந்ததும் பளிச்சென்று சிவக்கும்; ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பைக் கண்டு நிறம் மாறும் வேலை அது. என் வீட்டில் இந்த வேடிக்கைக்காகவே பிள்ளைகள் சர்பத் கேட்பார்கள். ருசி? எலுமிச்சையும் சர்க்கரையும்தான் என்பேன். இலைக்கும் வேலை உண்டு: கசக்கினால் வரும் கொழகொழப்பு, தலைக்குத் தேய்த்துக் குளிக்க, சீயக்காயின் வறட்டுத்தனத்துக்கு நல்ல மாற்று.

அடுத்தமுறை பொட்டலம் வாங்கும்போது பின்பக்கத் தாவரப் பெயரைப் பாருங்கள். 'சப்டாரிஃபா' என்றால் புளிச்சை, 'ரோசா சைனென்சிஸ்' என்றால் நம் செம்பருத்தி. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் எதையும் தினமும் குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.