இராமேசுவரத் தீவுக்குக் குடும்பத்துடன் செல்வோர்க்கு



காசிக்கு இணையாகப் பாரத நாட்டு மக்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணவேண்டும் என்று அவாவும் திருத்தலம் இராமேசுவரம். பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்று. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பதிகம் பாடிய பாண்டிநாட்டுத் தலம். இவை அன்பர்கள் நன்கறிந்தவையே. ஆயினும் இத்தலம் கடல்சூழ்ந்த ஒரு சிறு தீவு என்பதையும், தீவில் நாள் கழிப்பதற்கென ஒரு முறைமை உண்டு என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளி விடுமுறையில் முதிய பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படும் இல்லறத்தார்க்குப் பயன்படுமாறு சில செய்திகளை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் சொல்லவேண்டுவது ஒன்றே. இராமேசுவரத்தை ஒரே பகலில் முடித்துவிடலாம் என்று எண்ணற்க. இரண்டு இரவுகளேனும் தங்குதல் வேண்டும். இதனை யான் ஏட்டிலிருந்து கற்றேனல்லேன். 1991ஆம் ஆண்டு என் அன்னையாரை அங்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவருக்கு அகவை எழுபதை நெருங்கியிருந்தது. பள்ளியில் எனக்கு விடுப்பு ஒருநாளே கிடைத்தது. இரவெல்லாம் புகைவண்டியில் உறக்கமின்றி வந்து, விடியலில் இறங்கி, அன்று மாலை வண்டிக்கே திரும்புவதாக ஏற்பாடு. அக்கினி தீர்த்தத்தில் நீராடியபின் திருக்கோயிலுள் தீர்த்தமாடப் புகுந்தோம். எட்டாவது கிணற்றடியிலேயே அவருக்கு உடல் நடுங்கத் தொடங்கிவிட்டது. பிராகாரத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து அமர்ந்தவர், "நீ போய் முடித்துவிட்டு வா அப்பா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். யானும் போனேன். அதுதான் யான் செய்த பிழை. அவர் காண விரும்பிய தனுஷ்கோடியைக் காணாமலே ஊர் திரும்பினோம். மறுமுறை அழைத்துச் செல்லும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை.

ஆதலின், பயணத்தைத் திட்டமிடும்போது குடும்பத்தில் யார் மிக மெல்ல நடப்பவரோ அவரை முன்வைத்தே நாள்களை வகுத்துக்கொள்க.

செல்லுதற்குரிய காலம் தை முதல் பங்குனி வரை. சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையாக இருக்கும். கல் தளத்தில் வெறுங்காலோடு நடப்பது குழந்தைகட்கு ஆகாது. எனினும் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகின்றது, என் செய்வது? அங்ஙனம் செல்வோர் முற்பகல் பத்து மணிக்குள் வெளிவேலைகளை முடித்துக்கொள்ளுதல் நலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. ஆடி, தை அமாவாசைகளிலும் மகாளய அமாவாசையிலும் பிதுர்க்கடன் ஆற்றுவோர் பெருந்திரளாகக் கூடுவர். அக்கடன் இல்லாதோர் அந்நாள்களைத் தவிர்த்தால் தங்களுக்கும் எளிது, பிறர்க்கும் எளிது. தங்குமிடத்தைப் புறப்படுமுன்பே உறுதிசெய்துகொள்க. கோயிலுக்கு அருகிலேயே தங்குவது முதியோர்க்கு ஏற்றது. இடையில் வந்து சற்றுப் படுத்தெழலாம்.

தீவுக்குள் நுழைவதே பிள்ளைகளுக்கு ஒரு விழா. 1914இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் இரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்து 2022 இறுதியில் ஓய்வு பெற்றது. அதன் அருகே கட்டப்பெற்ற புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள், இராமநவமியன்று திறந்துவைக்கப்பெற்றது. பழைய பாலத்தில் நடுப்பகுதி இருபுறமும் கதவுபோல் பிரிந்து திறக்கும். புதியதில் நடுப்பகுதி முழுமையும் நேர்மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். 1988இல் திறக்கப்பெற்ற சாலைப்பாலம் பக்கத்திலேயே செல்கின்றது. ஆகவே காரிலோ பேருந்திலோ வருவோரும் இரயில் பாலத்தை நன்கு காணலாம்.

முதல்நாள் வந்திறங்கியவுடன் தீர்த்தமாட விரையாமல் இளைப்பாறுக. மாலையில் மூன்றாம் பிராகாரத்தை மெதுவாகச் சுற்றி வருக. சேதுபதி மன்னர்கள் எழுப்பிய இப்பிராகாரத்தில் 1212 தூண்கள் உள்ளன என்பர். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கமாட்டார்கள், ஆனால் சலிப்படையவும் மாட்டார்கள். அனுமன் கயிலையிலிருந்து கொணர்ந்த விசுவலிங்கத்தை முதலில் வணங்கிப் பின்னரே சீதாபிராட்டியார் மணலால் அமைத்த இராமலிங்கத்தை வணங்குதல் இத்தல மரபு. காலந்தாழ்த்து வந்த அனுமனின் உள்ளம் வருந்தலாகாது என்று பெருமான் செய்த ஏற்பாடு இது. பிந்தி வந்தவனுக்கே முதல்பூசை என்று கேட்டவுடன் சிறுவர்கள் மகிழ்வர்.

இரண்டாம் நாள் விடியலில் படிகலிங்க தரிசனம் கண்டு, பின்னர் கீழைக்கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் நீராடுக. அங்குக் கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். உடுத்திக் களைந்த துணியைக் கடலில் விடும் பழக்கம் எந்நூலிலும் விதிக்கப்பட்டதாக யான் கண்டதில்லை, அதனை விட்டொழிக்க. அதன்பின் திருக்கோயிலுள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் நிறைவுறும். கிணற்றுநீரை வாளியால் இறைத்துத் தலைமேல் ஊற்றுவர். நடைவழி எங்கும் நீர் சிந்தி வழுக்கும். முதியோரின் கையை ஒருவர் விடாது பற்றியிருத்தல் வேண்டும். எல்லாத் தீர்த்தங்களிலும் முழுகியே தீரவேண்டும் என முதியோரை வற்புறுத்தற்க. தலையில் சிறிது நீர் தெளித்துக்கொள்வதே அவர்க்குப் போதும். ஈர ஆடையுடன் கருவறை தரிசனத்துக்குச் செல்லல் கூடாது. ஆதலால் உலர்ந்த மாற்றுடையையும் ஒரு தடித்த துண்டையும் தனிப்பையில் வைத்துக்கொண்டு, அப்பையைக் காக்க ஒருவரை அமர்த்துக. கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வருவது நலம்.

அன்று பகலில் உறங்கியெழுந்து, மாலையில் கந்தமாதன பருவதத்துக்குச் செல்லலாம். இராமர் பாதம் அமைந்த இம்மேடே தீவில் உயர்ந்த இடம். மேலிருந்து நோக்கினால் தீவின் வடிவம் ஓரளவு விளங்கும்.

மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி. வழியில், வீடணனுக்கு முடிசூட்டிய இடமென்று போற்றப்பெறும் கோதண்டராமர் கோயில் உள்ளது. அதனைக் கடந்தால் இருமருங்கும் கடல். ஒருபுறம் அலையடங்கிய பாக் நீரிணை. மறுபுறம் அலைவீசும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். முன்பு மணலில் வேன்களே செல்ல இயலும்; 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை உள்ளது. அம்முனையில் நீரோட்டம் வலியது. கால் நனைப்பதற்கும் பிள்ளைகளைத் தனியே விடற்க. மாலைக்குள் திரும்பிவிடவேண்டும் என்பது விதி. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் அனுமதி இராது.

இவ்விதியின் அருமை அங்கு நிற்கும் இடிபாடுகளைக் கண்டால் விளங்கும். 1914 முதல் சென்னையிலிருந்து வரும் இரயிலும் தலைமன்னார் செல்லும் கப்பலும் சந்தித்த துறைமுகம் அது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலில் கடல் எழுந்து ஊரை மூடியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலைகளால் வாரப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. பின்னர் அரசு அவ்வூரை வாழத் தகுதியற்றது என அறிவித்தது. 2018இல் என் பேரனுடன் அந்தத் தேவாலயச் சுவரருகே நின்றேன். "தாத்தா, அந்த வண்டியில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களா?" என்று கேட்டான். இருந்திருப்பார்கள் என்றேன். மணலில் ஒருகணம் கைகூப்பி நின்றான்; யான் சொல்லிச் செய்ததன்று.

அங்கிருந்து ஒரு கைப்பிடி மணல் எடுத்துவந்தேன். சேதுவின் மணலைக் காசிக்குக் கொண்டுசென்று கங்கையில் சேர்த்துக் கங்கைநீர் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்தல் பண்டைய முறை. என் அன்னையார் பொருட்டு அதனைச் செய்யக் கருதியுள்ளேன்.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூன்றி தீர்த்தத்தில் கடல்நடுவே ஊறும் நன்னீரைப் பருகலாம். பேய்க்கரும்பில் டாக்டர் அப்துல் கலாமின் நினைவிடம் 2017 முதல் உள்ளது. பிள்ளைகட்கு ஒருமணி நேரம் ஒதுக்குக. கடைத்தெருவில் கருப்பட்டியும் பனையோலைப் பெட்டியும் வாங்கத் தக்கவை. பவளப்பாறைத் துண்டுகளை எவர் தந்தாலும் வாங்கற்க; அவை சட்டத்தால் காக்கப்படுவன. வழியில் சோதனை செய்தால் வாங்கியவரே விடைசொல்ல நேரும்.