சாயப்பட்டறையில் கேஸ் பாய்லர்

பின்னல் துணி ஒன்று வெளுத்து, நிறமேறி, சுருக்கம் நீங்கி வெளியே வருவதற்குள் பலமுறை சூடேற வேண்டியிருக்கிறது. பெராக்சைடு போட்டு வெளுக்கும்போது நீர் 95 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்களில் பல 60 டிகிரியிலும் சில 80 டிகிரியிலும் ஏறுகின்றன. பாலியஸ்டர் என்றால் அழுத்தத்தோடு 130 டிகிரி. அதன்பின் சோப்புக் கழுவலும் காம்பாக்டிங்கும் இருக்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இந்தச் சூட்டின் பெரும்பகுதி பட்டறையின் பின்பக்கம் நிற்கும் பாய்லரிலிருந்து நீராவியாக வருகிறது. பனியன் கம்பெனிகளின் அயர்னிங் மேசைகளுக்கும் சிறிய பாய்லர்கள் உண்டு. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, உப்புநீரை வற்றக் காய்ச்சும் ஆவியாக்கிகளின் தேவையும் கூடியது. அவற்றுக்கும் நீராவி வேண்டும். நொய்யல் ஆற்றைக் காப்பாற்றவும் எங்கோ ஒரு பாய்லர் எரிய வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்துப் பாய்லர்களுக்கு நெடுங்காலமாக விறகே முதன்மை எரிபொருள். கேஸுக்கு மாறினால் புகையும் சாம்பலும் குறையும், விறகு அடுக்க இடம் தேவையில்லை, ஸ்விட்சைத் தட்டியதும் தீ அணைந்துவிடும். மாறுவதற்கு இவை நியாயமான காரணங்கள். ஆனால் மாற்றத்தால் ஆபத்து குறைந்துவிட்டது என்ற எண்ணம் தவறு. ஆபத்து இடம் மாறியிருக்கிறது. விறகுப் பாய்லரில் ஃபயர்மேன் தீயைக் கண்ணால் பார்க்கிறார், கையால் கூட்டுகிறார், குறைக்கிறார். கேஸ் பாய்லரில் தீயை மூட்டுவதும் அணைப்பதும் ஒரு கருவி. எரியாமல் தேங்கி நிற்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது. விறகில் இருபது ஆண்டு பழகிய கைக்கும் இங்கே புதிய பயிற்சி தேவை.

எரிபொருள் எதுவானாலும் மாறாத ஆபத்து அழுத்தம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட நீர் ஏறத்தாழ 170 டிகிரியில்தான் கொதிக்கும். பாய்லரின் உடல் எங்காவது கிழிந்தால் அழுத்தம் சட்டென விழுகிறது. 100 டிகிரிக்கு மேல் திரவமாக அடங்கியிருந்த நீரில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகிறது. நீராவியாகும் நீர் திறந்த வெளியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். சுவரையும் கூரையையும் பெயர்த்தெறிவது இந்த விரிவுதான். நீராவியைவிட அதன் அடியில் காத்திருக்கும் சுடுநீரே பெரிய வெடிமருந்து.

இந்தியாவில் இதற்கான சட்டம் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1863-ல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிப்பில் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-லும், பட்டறைக்காரர்கள் ஐ.பி.ஆர். என்று சொல்லும் விதிமுறைகள் 1950-லும் வந்தன. 1923 சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதிய கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவானவை, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவானவை, நீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்குபவை ஆகியன சட்டத்தின் பார்வையில் பாய்லர் அல்ல. மற்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் பாய்லரின் உடலிலேயே பொறிக்கப்படும். புதிதாக நிறுவியதை ஆய்வாளர் உள்ளும் புறமும் பார்த்து, வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு நீரழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே சான்று கிடைக்கும். பின்னர் அதைக் காலமுறையில் புதுப்பிக்க வேண்டும். பழைய பாய்லர் வாங்குவோர் விலை பேசுவதற்கு முன் அந்தப் பொறித்த எண்ணும் பதிவேடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஓட்டை விழுந்த பாய்லரை ஊரில் கிடைக்கும் வெல்டரைக் கூப்பிட்டு அடைப்பது குற்றம் மட்டுமன்று, கொலைக்குச் சமமான அலட்சியம். அந்த வேலைக்குச் சான்று பெற்ற வெல்டரும், ஒப்புதல் பெற்ற பழுதுபார்ப்பவரும் வேண்டும்.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் சுடுநீர் ஹீட்டர்களும் ஆபத்து இல்லாதவை அல்ல. 100 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறும்போது 3 லிட்டருக்கு மேல் விரிகிறது. விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் தொட்டியின் உள்ளே அழுத்தம் ஏறும். தெர்மோஸ்டாட் பழுதாகித் தீ அணையாமல் போனால் ஹீட்டர் பாய்லராகிவிடும், ஆனால் பாய்லரின் பலம் அதன் தகட்டுக்கு இல்லை. அதனால் விரிவுத் தொட்டியும், வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் தானாகத் திறக்கும் வால்வும் இல்லாமல் எந்தச் சுடுநீர் ஹீட்டரையும் இயக்கக் கூடாது. சொட்டுகிறது என்பதற்காக அந்த வால்வின் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. சொட்டுவதற்கான காரணத்தைத்தான் தேட வேண்டும்.

நிறுவும் இடத்தைத் தீர்மானிக்கும்போது முதல் கேள்வி, வரப்போவது எந்த வாயு என்பது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தைத் தேடி இறங்கும். சாயப்பட்டறையின் தரையெங்கும் கழிவுநீர் வாய்க்கால் ஓடுகிறது, கேபிள் கால்வாயும் இருக்கிறது. பாய்லர் அறையில் கசிந்த வாயு அந்த வாய்க்கால் வழியாகவே நடந்து, தூரத்தில் துணி உலர்த்தும் ஸ்டென்டரின் எரியும் பர்னரைத் தொட்டுவிடக்கூடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எல்.பி.ஜி. கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். எனவே எல்.பி.ஜி. வரும் அறையில் திறந்த வாய்க்கால் இருக்கக் கூடாது, காற்று வழி தரை மட்டத்தில் இருக்க வேண்டும், கசிவு உணரியும் தரைக்கு அருகே இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை வாயுவோ காற்றின் எடையில் பாதிதான், மேலே ஏறும். அதற்குக் காற்று வழியும் உணரியும் கூரையடியில். எல்.பி.ஜி.க்காக அமைத்த அறைக்கு இயற்கை வாயு வரும்போது பர்னரின் நாசிலையும் ரெகுலேட்டரையும் மாற்றுவது பலருக்கு நினைவிருக்கிறது. உணரியை இடம் மாற்றுவது மறந்துபோகிறது.

சிலிண்டர்கள் பாய்லர் அறைக்குள் இருக்கவே கூடாது. வெளியே கூரையும் கம்பி வலையும் உள்ள தனிக் கொட்டகையில், நிமிர்ந்த நிலையில் வரிசையாக நிறுத்தி, இரும்புக் குழாயில் இணைக்க வேண்டும். இருப்பு 100 கிலோவைத் தாண்டினால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தேவை. பாய்லர் வேகமாக வாயு இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து பனி படியும், அழுத்தம் விழும். அப்போது வெந்நீர் ஊற்றுவதும், சிலிண்டரைக் கவிழ்த்து வைப்பதும் உயிரோடு விளையாடுவது. கவிழ்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே பர்னருக்குப் போகும். சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்லது வேப்பரைசர் பொருத்துவதுதான் வழி. குழாய் இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது. எல்லாவற்றையும் ஒரே திருகலில் நிறுத்தும் வால்வு அறைக்கு வெளியே, ஓடிவருபவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கன மீட்டர் இயற்கை வாயு முழுதாக எரியப் பத்துக் கன மீட்டர் அளவு காற்றும், ஒரு கன மீட்டர் புரொப்பேன் எரிய இருபத்து நாலு கன மீட்டர் காற்றும் செலவாகின்றன. காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திருப்பூருக்கென்றே ஒரு தொல்லை இங்கே இருக்கிறது: பஞ்சுத் தூசி. துணியிலிருந்து பறக்கும் பஞ்சு பர்னர் விசிறியின் வாயில் மெத்தைபோலப் படிகிறது. வாயு வழக்கம்போல் வர, காற்று மட்டும் குறைகிறது. நீலத் தீ மஞ்சளாகிச் சோம்பலாக ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த விசிறி வாய்தான். பாய்லர் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதும் சில சமயம் கேடு. அது புகைபோக்கியில் ஏற வேண்டியதை அறைக்குள் திரும்ப இழுத்துவிடும்.

பர்னர் தீ மூட்டும் முறைக்குக் காரணம் உண்டு. முதலில் விசிறி மட்டும் ஓடி, உலையில் தேங்கியதை வெளியே தள்ளுகிறது. பிறகு பொறி, பிறகு சில நொடிகளுக்கு மட்டும் வாயு. தீயைக் கண்காணிக்கும் உணரிக்குத் தீ தெரியாவிட்டால் வாயு வால்வுகள் இரண்டும் மூடிக்கொள்ளும், சிவப்பு விளக்கு எரியும், பர்னர் பூட்டிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் மனிதத் தவறு நுழைகிறது. உள்ளே சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி காத்திருக்கிறது, ஷிப்ட் சூப்பர்வைசர் ஸ்டீம் எங்கே என்று கேட்கிறார், ஆப்பரேட்டர் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். ஒவ்வோர் அழுத்தமும் கொஞ்சம் எரியாத வாயுவை உலைக்குள் விடுகிறது. விசிறியோ தடுப்புத் தகடோ சரியாக வேலை செய்யாவிட்டால் அது தேங்கி, கடைசிப் பொறியில் எல்லாம் ஒன்றாகப் பற்றும். இரண்டு முறைக்கு மேல் ரீசெட் அழுத்தக் கூடாது, காரணம் தெரியாமல் மூன்றாவது முயற்சி கிடையாது என்று எழுதி ஒட்டி வைப்பது எந்த விலையுயர்ந்த கருவியையும்விடப் பயன் தரும். ஆப்பரேட்டரை அவசரப்படுத்தும் உரிமை சூப்பர்வைசருக்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

மின்வெட்டில் கேஸ் ஒரு வகையில் நல்லது. விறகுப் பாய்லரில் நீர் ஊட்டும் ஃபீட் பம்ப் நின்றாலும் தீ எரிந்துகொண்டேயிருக்கும். கேஸில் இரண்டும் ஒன்றாக நிற்கும்.

நீர் மட்டம் குறைவதுதான் பாய்லர்களைக் கெடுக்கும் பழைய எதிரி. நெருப்பு படும் தகட்டின் மறுபுறம் நீர் இருக்கும்வரை தகடு தாங்கும். நீர் இறங்கினால் தகடு பழுத்து வலு இழக்கும். அதற்காகத்தான் மட்டம் காட்டும் இரண்டு கேஜ் கிளாஸ்கள், மட்டம் குறைந்தால் தீயை அணைக்கும் ஸ்விட்ச், உருகும் ஈயக்கலவைத் திருகு ஆகியன இருக்கின்றன. கேஜ் கிளாஸை ஒவ்வொரு ஷிப்டிலும் ஊதித் திறந்து பார்க்க வேண்டும். அடைபட்ட கண்ணாடி பொய்யான மட்டத்தைக் காட்டும். ஸ்விட்ச் அடிக்கடி தொல்லை தருகிறது என்று அதன் கம்பியை நேராக இணைத்துவிடுவது பாய்லரின் உயிரைப் பிடுங்குவது. கண்ணாடியில் நீரே தெரியாவிட்டால் உடனே தீயை அணைக்க வேண்டும். பதறிப்போய் நீர் ஏற்றக் கூடாது: பழுத்த தகட்டில் நீர் பட்டால் திடீர் நீராவியும் வெடிப்பும் நேரும். தானாக ஆறவிட்டு, ஆய்வாளர் பார்த்த பிறகே மீண்டும் மூட்டலாம்.

நீரின் தரமும் அழுத்தத்தோடு சேர்ந்த விஷயம்தான். கடினநீர் விட்டால் குழாய்களில் உப்புப் படிவு ஏறும். அந்தப் படிவு எஃகைவிடப் பல மடங்கு மந்தமாகச் சூட்டைக் கடத்துவதால் நீர் நிறைந்திருந்தும் தகடு பழுக்கும். சாஃப்ட்னருக்கு உப்புப் போட்டுப் புதுப்பிப்பதும், அன்றாடம் கடினத்தன்மை சோதிப்பதும், அடியில் சேரும் சேற்றை ப்ளோடவுன் செய்வதும் இதற்காக. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் ஆர்.ஓ. நீரில் கடினம் குறைவு. ஆனால் கரைந்த ஆக்சிஜன் இருந்தால் தகட்டில் குழிகுழியாக அரிக்கும். ஊட்டும் நீரை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி விடுவது ஆக்சிஜனைப் பெருமளவு விரட்டும். இன்னொன்று சாயப்பட்டறைக்கே உரியது: மெஷினின் வெப்பக் குழாயில் ஓட்டை விழுந்தால் சாயமும் உப்பும் நீராவி குளிர்ந்து நீராகித் திரும்பி வரும் கண்டன்சேட்டில் கலக்கும். கண்டன்சேட் நிறம் காட்டினால் அதை ஃபீட் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்ப வேண்டும்.

பாய்லருக்கு இரண்டு சேஃப்டி வால்வுகள் உண்டு. அவை திறக்கும் அழுத்தத்தை ஆய்வாளர் நிர்ணயிக்கிறார். ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. வெளியேறும் நீராவி ஆட்கள் நடமாடாத இடத்தில் போய்ச் சேரும்படி குழாய் இட வேண்டும். காலையில் மெயின் ஸ்டீம் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் குழாயில் தேங்கிய நீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் வளைவுகளில் அடிக்கும், இணைப்பு பெயரும். மெல்லத் திறந்து, நீரை வடித்துவிட வேண்டும்.

பாய்லரை இயக்குபவர் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். அவரே சாஃப்ட் ஃப்ளோவையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு சம்பளத்தை மிச்சப்படுத்தும், பாய்லரை ஆளில்லாமல் விடும். விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1923 சட்டம் முதலே உள்ள விதி.

நீண்ட விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2017 ஜூலையில் வங்கதேசத்தின் காஜிபூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ஈகைத் திருநாள் விடுமுறை முடிந்து ஆலையைத் திறக்கும் ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. திருப்பூரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டறைகள் நாள்கணக்கில் மூடப்படுகின்றன. சில நாள் நிறுத்தம் என்றால் காரத்தன்மையும் ஆக்சிஜன் நீக்கும் மருந்தும் உள்ள நீரால் பாய்லரை விளிம்புவரை நிரப்பி வைக்கலாம். நெடுநாள் என்றால் முற்றிலும் வடித்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சுண்ணாம்பை உள்ளே வைத்து மூட வேண்டும். திறக்கும் நாளில் கேஸ் குழாயின் இணைப்புகளை நுரையால் சோதித்து, விசிறி வாயைத் துடைத்து, நீர் மட்டத்தை வேலை அளவுக்குக் கொண்டுவந்து, மட்ட ஸ்விட்ச் தீயை அணைக்கிறதா என்று நீரை இறக்கிப் பார்த்து, பின்னர் குறைந்த தீயில் மெல்ல அழுத்தம் ஏற்ற வேண்டும். ஆண்டுச் சோதனையை இந்த விடுமுறையோடு சேர்த்து வைத்துக்கொள்வது பட்டறைக்கு எளிது: பாய்லர் ஆறியிருக்கும், மூடிகளைக் கழற்றலாம், ஆய்வாளர் உள்ளே தகட்டைப் பார்க்க உற்பத்தி நிற்க வேண்டியதில்லை.