டார்ஜிலிங் மலையில் கண்ட தறிக்கூடம்

சென்ற ஐப்பசித் திங்களில் விடுப்பெடுத்து வடநாடு சென்ற நாம், மேற்கு வங்க மாநிலத்தின் வடகோடியிலுள்ள டார்ஜிலிங் நகரில் நான்கு நாள் தங்கும் வாய்ப்புப் பெற்றோம். இமயத்தைக் காணவேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆசை. ஆயினும் ஊர் திரும்பிய பின்னர் நெஞ்சில் நிலைத்து நிற்பது பனிமலையன்று. அங்குக் கண்ட ஒரு தறிக்கூடமே. அதனைச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைத்தல் கடமையெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

மலையேறும் சிறு வண்டி

சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் செல்லும் மலை இரயில்பாதை 1879க்கும் 1881க்கும் இடையே அமைக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டே அடி. பின்னர் நியூ ஜல்பைகுரி வரை நீட்டிக்கப்பட்ட இப்பாதையின் நீளம் இன்று 88 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் வண்டி வட்டமிட்டும், முன்னும் பின்னுமாக நகர்ந்தும் மேலேறுகின்றது. கடைத்தெருக்களின் ஓரமாகச் செல்லுங்கால், காய்கறிக் கூடையைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். யுனெஸ்கோ நிறுவனம் 1999இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டார்ஜிலிங்குக்கு முன்னுள்ள கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில், நம் நாட்டின் மிக உயர்ந்த இரயில் நிலையமாக விளங்குகின்றது. அவ்வூரில் 1850இல் எழுப்பப்பட்ட பௌத்த மடாலயம் உள்ளது. இனி வரப்போகும் புத்தராகிய மைத்திரேயரின் பதினைந்தடிச் சிலைக்கு முன் வெண்ணெய் விளக்குகள் எரிகின்றன. பள்ளிச் சிறுவர் வயதுடைய துறவிகள் ஏடுகளை மடியில் வைத்து ஓதிக்கொண்டிருந்தனர்.

'டார்ஜிலிங்' என்னும் பெயரே பௌத்தம் தந்ததாகும். திபெத்திய மொழியில் 'தோர்ஜே' என்பது வச்சிரம். 'லிங்' என்பது இடம். அப்பெயர் கொண்ட பழைய மடம் நின்ற குன்றின்மேல் இன்று மகாகாலர் கோயில் உள்ளது. அங்கே இந்துப் பூசாரியும் பௌத்த லாமாவும் ஒரே சன்னிதியில் வழிபாடு நடத்துகின்றனர். இக்காட்சியைக் கண்டு சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

நால்வர் தொடங்கிய தொழில்

1959ஆம் ஆண்டு தலாய் லாமா திபெத்தைவிட்டு இந்தியா வந்தார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் மலைகளைக் கடந்து வந்தனர். உடுத்த உடையன்றி வேறு உடைமையற்றோர் பலர். அவர்களுள் டார்ஜிலிங்கில் தங்கியோருக்காக அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் திபெத்திய அகதிகள் சுயஉதவி மையம் தொடங்கப்பெற்றது. நன்கொடையை மட்டும் நம்பியிராமல் கைத்தொழிலால் வாழவேண்டும் என்பதே அதன் நோக்கம். தொடக்கத்தில் வேலை செய்தோர் நால்வரே. மையம் அமைந்த இடம், 1910 முதல் 1912 வரை பதின்மூன்றாம் தலாய் லாமா தங்கியிருந்த இடமாகும். இது கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கமன்று, அறநிலையமாகும். எனினும் கூட்டுறவாளர் கற்கவேண்டியது இங்கு மிகுதி.

நம் நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து நெய்வர். இங்குக் கம்பளத்தறி சுவர்போல் நிமிர்ந்து நிற்கின்றது. பாவு மேலிருந்து கீழாக ஓடும். அதன்முன் இருவர் அருகருகே அமர்ந்து, கம்பளி நூலைப் பாவிழைகளில் கோத்து ஓர் இரும்புக் கோலின்மேல் சுற்றுகின்றனர். ஒரு வரிசை முடிந்ததும் கோலின்மேலுள்ள நூலைக் கத்தியால் அறுக்க, வெட்டிய முனைகள் மயிர்போல் எழுந்து நிற்கின்றன. பின்னர் ஊடையைச் செலுத்திச் சுத்தியால் அடித்து இறுக்குகின்றனர். ஒருவர் கை விரைந்து மற்றவர் கை பின்தங்கினால் வரிசை கோணிவிடும். எனவே வல்லவர் தம் வேகத்தை அடக்கி, பக்கத்திலிருப்பவருக்காகக் காத்திருக்கின்றார். கூட்டுறவின் இலக்கணம் இதனினும் தெளிவாக எந்நூலில் உள்ளது?

மற்றொரு புறம் முதிய பெண்டிர் நூல் நூற்றுக்கொண்டிருந்தனர். இராட்டையின் சக்கரத்தை உற்றுநோக்கினோம். அது பழைய சைக்கிள் சக்கரம்! கருவி வாங்க மானியம் வரும்வரை காத்திராத கைகள் அவை.

விடை கூற இயலாத வினா

அம்மூதாட்டியருள் ஒருவர், உடன் வந்த இளைஞர் வாயிலாக நம் தொழிலை வினவினார். நெசவாளர் சங்கங்களின் கணக்கைப் பார்ப்பவர் என்றறிந்ததும், "உங்கள் ஊரில் நெய்பவர்களின் பிள்ளைகள் நெய்கிறார்களா, ஐயா?" என்று கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. அவரே சிரித்து, "இங்கேயும் அப்படித்தான். படித்துவிட்டு வெளியூர் போய்விடுகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் தறி தனியாக இருக்கிறதே!" என்றார்.

அவ்வினா நம்மைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. புறப்படுமுன் நம் சரகத்தில் ஒரு சிறு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்திருந்தோம். ஓடிய தறிகள் பதினொன்று. நெய்தவர்களுள் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவருமிலர். சங்கத்தைக் கலைத்துவிடலாம் எனக் குறிப்பெழுதி, கையொப்பமிடாமல் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

பசுந்தழையும் பங்காளிகளும்

மறுநாள் நகருக்குக் கீழேயுள்ள மினரல் ஸ்பிரிங் பகுதியைப் பார்த்தோம். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமொன்று கைவிடப்பட்ட நிலம் அது. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் நிலத்தைப் பகிர்ந்து பயிரிட்டன. 1990களின் பிற்பகுதியில் சஞ்சுக்த விகாஸ் என்னும் கூட்டுறவாக இணைந்து, இரசாயன உரமின்றி விளைந்த தேயிலைத் தழையை ஒன்றுசேர்த்து விற்கலாயினர். தேயிலைக்கிடையே இஞ்சியும் ஏலமும் ஆரஞ்சும் வளர்வதால், ஒன்றின் விலை வீழ்ந்தால் மற்றொன்று தாங்குகின்றது. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அமைத்த வரலாற்றை அறிந்த நமக்கு, இது உறவினர் வீட்டை எட்டிப்பார்த்தது போலிருந்தது.

ஊர் திரும்பியதும் அக்குறிப்பை மீண்டும் படித்தோம். அதிலிருந்த கணக்குகளில் பிழையில்லை. ஆனால் ஏன் இளைஞர் வரவில்லை என்று நாம் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. குறிப்பை நிறுத்திவைத்து அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். அங்கத்தினரோடு அவர்தம் மக்களையும் அழைத்துப் பேசினோம். "கூலி வரும் நாள் தெரியாத தொழிலுக்கு எப்படி வருவது?" என்றான் ஓர் இளைஞன். நியாயமான கேள்வி. பட்டுவாடாவை மாதத்தின் குறித்த நாளில் தவறாது செய்வதென நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம். பயனின்றேல் அக்குறிப்பில் கையொப்பமிடுதலும் நம் கடமையே.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுக்குழுவுக்கு வருங்கால் வளர்ந்த பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைச் செவிமடுங்கள். தறியின் அருகே காலியாயிருக்கும் இடம் யாருடையது என்பதை அவர்களோடு பேசியே நாம் அறிதல் வேண்டும்.